நிலையம் நான்கு

மூன்றாம் வாரம், கிளிமெண்டி, ஐந்தாம் மாடி.
குளிர்சாதனம் பழிவாங்கும் அறை.
விரிவுரையாளர் ஜெரமி சுவா
என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர்.
திரையில் நான்கு பெட்டிகள், இடையில் அம்புக்குறிகள்.

சோறு, முப்பத்தெட்டு நொடி.
குழம்பு, நாற்பத்தொன்று.
காய்கறி, முப்பத்தாறு.
மூடி, ஐம்பத்திரண்டு.

"மணிக்கு எத்தனை உணவுப்பொட்டலம் வெளியே வரும்?"

நான் கணக்குப் போடவில்லை.
மூடி போடுகிறவளின் கையைத் தேடினேன்.
படத்தில் கை இல்லை.

சாங்கியில்
விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கூடத்தில் பதினோரு வருஷம்.
அதில் நாலு வருஷம் மூடி மேசை.
இப்போது இரவு ஷிப்ட் மேற்பார்வையாளர்,
சான்றிதழ் இல்லாத மேற்பார்வையாளர்.
அதற்காகத்தான் இந்த நாற்காலி, இந்தக் குளிர்.

இந்தப் பாடத்தில் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்.
'அங்கே குவியுது, கையை ஓட்டு' என்று நாங்கள் கத்துவது
இங்கே ஒரு முழு அத்தியாயம்.
முதலில் வந்தது முதலில் போகும், அது ஒரு முறை.
கடைசியில் வந்தது முதலில் போகும், அது இன்னொன்று.
இரண்டாவதன் பக்கத்தில்
'காத்திருந்தவன் பெண்டாட்டியை' என்று கிறுக்கி வைத்தேன்.
அடுத்த இருக்கை நூர்ஹயாத்தி என்னவென்று கேட்டாள்.
சொன்னேன்.
மலாயில் இதைவிட மோசமாக ஒன்று இருக்கிறதாம்.

ஒரு சூத்திரத்தை மட்டும் நம்பவில்லை:
நிற்கிறவர் எத்தனை பேரோ
அது வருகிற வேகத்தைக்
காத்திருக்கும் நேரத்தால் பெருக்கியது.
சனிக்கிழமை பிடோக் உணவங்காடியில்
கொய் தியாவ் கடை முன் எண்ணினேன்.
நிமிடத்துக்கு இரண்டு பேர். ஏழு நிமிடம்.
தலைகள், பதினான்கு.
யாரோ முன்பே வந்து
எங்களை எண்ணிவிட்டுப் போனதுபோல் இருந்தது.

"அறுபத்தொன்பது," என்றான் முன்வரிசை வெய் ஜியே.
"சரி. ஆக, நான்காம் நிலையம்தான் போத்தலின் கழுத்து."
கழுத்து என்று சொல்லிவிட்டால் போதும்,
எல்லார் கையும் தானாக அங்கே போகும்.
ஆளை மாற்றலாம், என்றார்கள்.
இயந்திரம் வைக்கலாம்.
இன்னொருத்தியைப் பக்கத்தில் நிறுத்திப் பாதியாக்கலாம்.
ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண்.

அலுமினிய மூடியின் ஓரம் கையுறையைக் கிழிக்கும்.
மட்டமான சரக்கு வரும் மாதங்களில்
நாலு மூடிக்கு ஒரு தரம்.
கையுறைப் பெட்டியோ தொட்டிக்கு மேலே, ஆறு எட்டு தள்ளி.
கழற்றி, கழுவி, துடைத்து, மாட்டித் திரும்ப
முப்பத்தாறு நொடி.
நாலால் வகுத்தால் ஒன்பது.
ஐம்பத்திரண்டில் ஒன்பது
அவளுடையது இல்லை.

இதைச் சொல்லக் கை தூக்கியிருக்கலாம்.
தூக்கவில்லை.
போன செவ்வாய்க்கிழமை
சந்தார் வின் பின்னால் நானே நின்றேன், கைப்பேசியில் கடிகாரத்தோடு.
ஐம்பத்தொன்று காட்டியது.
'வேகம் போதாது' என்று எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்திட்டேன்,
பேனா நன்றாக எழுதியது.
நாலு வருஷம் அந்தத் தொட்டிக்கு நடந்த கால்
ஒன்றும் ஞாபகப்படுத்தவில்லை.

விடைத்தாளில் அறுபத்தொன்பது என்றே எழுதினேன்.
முழு மதிப்பெண்.

பத்து மணி ரயில். தானா மேராவில் மாறினேன்.
சாம்பல் சட்டைகளுக்கு நடுவே நின்றபடி
இன்னும் மேலே அனுப்பாத அந்தக் கடிதம்
எந்த இழுப்பறையில் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஒரு மணிக்கு மூடி மேசைக்குப் போனேன்.
குப்பைத்தொட்டியைக் குனிந்து எண்ணினேன்.
இருபத்து மூன்று நீலக் கையுறைகள்,
எல்லாம் கட்டைவிரல் பக்கம் வாய் பிளந்து.

மறுபடி நேரம் பார்க்க வந்திருக்கிறேன் என்று
சந்தார் வின் நினைத்திருக்க வேண்டும்.
நிமிராமல் வேகத்தைக் கூட்டினாள்.

இன்னொன்று கிழிந்தது.